எங்களுடைய சாட்சியங்கள் எந்தச் சேவரில் இருக்கின்றன?

2023 செப்டெம்பரில் கொழும்பிலிருந்து ஒரு செய்தி வந்தது. மருந்துத் தட்டுப்பாடு, மின்கட்டண உயர்வு என்று ஓடிக்கொண்டிருந்த செய்திகளுக்கு நடுவே அது வடக்கில் அதிகம் கவனிக்கப்படாமல் போனது. அரச அலுவலகங்களின் 'கவ் டொட் எல்கே' மின்னஞ்சல்கள் தங்கியிருக்கும் இலங்கை அரச கிளவுட் மீது, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் 'ரான்சம்வெயர்' தாக்குதல் நடந்திருந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவையை அவர்கள் விரைவாகவே மீளக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. அந்தக் காலத்துக்கான காப்புப் பிரதியும் தாக்குதலோடு போய்விட்டது. வலையமைப்புக்கு வெளியே தனியாக எடுத்துவைத்த பிரதி எதுவும் இருக்கவில்லை.

மே 17 என்ற திகதி தற்செயலானதுதான். ஆனாலும் அந்தத் திகதியை வாசிக்கும்போது எங்களில் யாருக்கும் ஒரு கணம் மனம் நிற்காமல் இருக்காது.

அந்த மூன்று மாதங்களுக்கு மேலான காலத்தில், காணி விடுவிப்புக் கோரிக்கை ஒன்றுக்குப் பிரதேச செயலகத்தில் யாராவது ஓர் அதிகாரி பதில் எழுதியிருக்கலாம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைப் பற்றிக் கேட்டு அனுப்பிய கடிதம், ஒரு திணைக்களத்திலிருந்து இன்னொன்றுக்கு 'உரிய நடவடிக்கைக்காக' என்ற குறிப்போடு நகர்ந்திருக்கலாம். இப்படியான கடிதங்கள் கடதாசியில் அச்சிடப்பட்டு ஒரு கோப்புக்குள் போயிருந்தால் தப்பியிருக்கும். மின்னஞ்சலில் மட்டும் இருந்திருந்தால், அப்படி ஒரு கடிதம் எழுதப்பட்டது என்பதற்கே சான்று கிடையாது. 'எங்களுக்கு அப்படி ஒன்றும் வரவில்லையே' என்று நாளைக்கு ஓர் அலுவலகம் சொன்னால், அது பொய்யா உண்மையா என்று அந்த அலுவலகத்துக்கே தெரியாது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அலுவலகப் படிகளில் நிற்கும் மக்களுக்கு இது தொழில்நுட்பச் செய்தி அல்ல.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயம் உண்டு. அந்த மின்னஞ்சல் சேவை ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மென்பொருளில். அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2023 ஏப்ரல் 11இல் நிறுத்திவிட்டது. புதிய பதிப்புக்கு மாற 2021இலிருந்தே திட்டமிட்டும், நிதி இல்லாமையாலும் முன்னைய பணிப்பாளர் சபைகளின் தீர்மானங்களாலும் அது தள்ளிப்போனது என்று தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் விளக்கம் சொன்னது. அதே 2021இல்தான் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் தரவுகள் அரச கிளவுட்டிலிருந்து அழிந்துபோன விவகாரமும் வெளிவந்தது. அதற்காக ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருள் பொறியியலாளர் கைதானார். இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தாக்கியவர் யார், அழித்தவர் யார் என்பதற்கு முன்னால் வேறு ஒரு கேள்வி நிற்கிறது. எந்தச் சேவரில் என்ன இருக்கிறது, அது எந்தப் பதிப்பில் ஓடுகிறது, அதன் பிரதி எங்கே இருக்கிறது என்ற பட்டியல் யாருடைய கையில் இருந்தது?

அரசாங்கத்தைக் கேட்பது சுலபம். நான் கடந்த ஓர் ஆண்டாக இதே கேள்வியை எங்கள் பக்கத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் அங்கேயும் தயாராக இல்லை.

போர் முடிந்த பிறகு சாட்சியம் சேகரிப்பது எங்களிடையே ஒரு தொண்டாகவே வளர்ந்தது. இங்கே ஊரில் ஒருவர் ஒலிப்பதிவு செய்வார், லண்டனில் ஒருவர் எழுத்தாக்குவார், ரொறன்ரோவில் இருப்பவர் சேவருக்குக் காசு கட்டுவார். வீட்டில் வைத்திருந்தால் பறிபோகும் என்ற பயம் நியாயமானது. ஆகவே எல்லாம் வெளியே போனது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம் ஒரே கட்டடத்தில் எதையும் வைக்க அஞ்சும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்துக்குப் பின்னாலும் அந்த நினைவு இருக்கிறது. ஆனால் 'வெளியே இருக்கிறது' என்பது முகவரி இல்லை. கிளவுட் என்று நாங்கள் சொல்வது பிராங்பேர்ட்டிலோ சிங்கப்பூரிலோ வேர்ஜினியாவிலோ ஒரு கொட்டகைக்குள் மின்விசிறி இரைய நிற்கும், வாடகைக்கு எடுத்த கணினியைத்தான். வாடகை நின்றால் வீட்டுக்காரர் பூட்டுவார், சில காலத்தில் துப்புரவும் செய்துவிடுவார்.

பட்டியல் கேட்கும் ஒரு கருவி

சேவர்களை வாடகைக்கு விடும் கம்பனிகள் இரண்டு வகையாக விடுகின்றன. ஒரே இயந்திரத்தைப் பலருக்குப் பங்குபோட்டுக் கொடுப்பது மலிவானது. முழு இயந்திரத்தையும் ஒரே வாடிக்கையாளருக்கென்று ஒதுக்கிக் கொடுப்பது இரண்டாவது வகை. இதற்கு விலை கூட. ஆனால் பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்ற கவலை இல்லை. பாதுகாப்பைப் பற்றிப் பயந்த எங்கள் ஆட்களில் சிலர் இந்த இரண்டாவது வகையைத் தேடிப்போனதற்குக் காரணம் அதுதான்.

இப்படி ஒதுக்கப்பட்ட சேவர்களைப் பற்றிய விபரங்களைக் கம்பனியிடமிருந்து கேட்டு வாங்கத் தானியங்கிக் கருவிகள் இருக்கின்றன. அதிகம் பேர் பயன்படுத்துவது 'அன்சிபிள்'. 2012இல் வந்தது, இலவசம், 2015இல் ரெட்ஹட் கம்பனி வாங்கியது. பெயர் அறிவியல் புனைகதையிலிருந்து எடுத்தது. எவ்வளவு தூரத்திலிருக்கும் உலகத்தோடும் அந்தக் கணமே கதைக்கக்கூடிய ஒரு கருவிக்கு அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெகுயின் 1966இல் வைத்த பெயர். கடல் கடந்து சிதறிய ஒரு சமூகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வேலை இவ்வளவுதான்: எந்தக் கம்பனி, எந்தக் கணக்கு, எந்த நாட்டு மையம், என்ன விபரம் வேண்டும் என்று சில வரிகளை ஒரு கோப்பில் எழுதி ஓடவிட வேண்டும். உங்கள் மடிக்கணினியிலிருந்தே அது கம்பனியைக் கேட்டு, கிடைத்ததைக் கொண்டுவந்து வரிசையாகக் கொட்டும். இயந்திரத்தின் அடையாள இலக்கம், வைத்த பெயர், எந்த மையத்தில் நிற்கிறது, எத்தனை கோர், எவ்வளவு நினைவகம், அதற்குள் ஓடும் மெய்நிகர் கணினிகள் எவை, எப்போது எடுக்கப்பட்டது, காசு மாதாமாதமா முன்கூட்டியா, எப்போது காலாவதி. கம்பனிக்குக் கம்பனி இது கொஞ்சம் மாறும். முக்கியமானது, இது வெறுமனே கேட்கும் வேலை. எதையும் மாற்றாது, அழிக்காது. வாசிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு திறவுகோலைக் கம்பனியிடம் தனியாக எடுத்து, அதை மட்டும் இந்தக் கருவிக்குக் கொடுக்கலாம். அப்படிச் செய்தால், கருவியை ஓட்டும் பிள்ளை கை தவறி எதை அமத்தினாலும் ஒரு கோப்பும் போகாது.

காலாவதித் திகதி என்ற அந்த ஒரு வரி எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு அவுஸ்திரேலியாவில் நடந்ததைச் சொல்லலாம். 2024 மே மாதம், 6 இலட்சத்துக்கும் அதிகமான அங்கத்தவர்கள் உள்ள 'யுனிசூப்பர்' ஓய்வூதிய நிதியத்தின் தனிக் கிளவுட் ஒன்று கூகிளிடமிருந்து மறைந்தது. யாரும் தாக்கவில்லை. முன்பு அதை அமைத்துக்கொடுத்தபோது கூகிள் ஊழியர் ஒருவர் உள்ளகக் கருவியில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் வெறுமையாக விட்டிருந்தார். வெறுமையாக விட்டால் ஓராண்டுத் தவணை என்று அந்தக் கருவி எடுத்துக்கொண்டது. ஓராண்டு முடிந்ததும், முன்னறிவித்தல்கூட இல்லாமல் அதை அழித்தது. வேறொரு கம்பனியிடமும் ஒரு பிரதி வைத்திருந்தது, நிதியம் மீண்டு வர உதவியது. அவ்வளவு பெரிய நிதியத்துக்கே இது நடந்தது. எங்களுடைய சேகரிப்புகளில் பலவற்றுக்கு ஒரு பொருளாளர்கூடக் கிடையாது.

இடமும் அப்படியே. 2021 மார்ச் 10 அதிகாலை பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் கம்பனியின் தரவு மையம் ஒன்று முழுவதும் எரிந்தது. பிரதி எடுத்து வைத்திருந்த சில வாடிக்கையாளர்களும் அழுதார்கள், ஏனென்றால் பிரதியும் அதே வளவுக்குள் நின்றது. 2025 செப்டெம்பர் 26 தென்கொரியாவின் டேஜோனில் பற்றரி தீப்பிடித்து அரச தரவு மையம் எரிந்தபோது, அரச ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த கிளவுட்டில் 858 டெராபைட் போனது. அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியே பிரதி வைக்கவில்லை என்று சொன்னார்கள். உலகத்தின் மிக வேகமான இணையம் உள்ள நாடுகளில் ஒன்று அது.

மூன்றாவது இயந்திரம்

நான் உதவிக்குப் போன ஒரு சேகரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரையும் ஆட்களையும் சொல்லப்போவதில்லை. காரணம் பின்னால் வரும். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் வீதியோரத்தில் பந்தல் போட்டு இருந்தார்கள் அல்லவா, அந்தப் பந்தல்களிலும் பின்னர் மற்ற மாவட்டங்களிலும் எடுக்கப்பட்ட ஒலிப்பதிவுகள் அவர்களிடம் இருந்தன. தங்களிடம் இரண்டு சேவர்கள், இரண்டும் பிராங்பேர்ட்டில் என்று குழுவில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். கம்பனியின் இணையப் பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் இரண்டுதான் தெரியும்.

திருநெல்வேலியில் வேலை செய்யும் ஒரு தம்பி அன்சிபிளை ஓட்டித் தந்தார். அவர் செய்த ஒரு சின்ன விடயம், ஒரு மையத்தை மட்டும் கேட்காமல் கம்பனிக்கு உலகத்தில் உள்ள எல்லா மையங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும்படி எழுதியது. கம்பனியின் பக்கம் ஒரு நேரத்தில் ஒரு மையத்தை மட்டுமே காட்டும். நாங்கள் தெரிவு செய்யாத மையத்தில் என்ன இருந்தாலும் கண்ணில் படாது. கருவிக்கு அந்த அலுப்பு இல்லை.

"அக்கா, சிங்கப்பூரிலயும் ஒண்டு கிடக்கு. 2018இல எடுத்தது. இது ஆருடையது?"

ஒருவருக்கும் தெரியவில்லை. முன்கூட்டிக் காசு கட்டிய முழு இயந்திரம். தானாகப் புதுப்பித்தல் நிறுத்தப்பட்டிருந்தது. காலாவதிக்கு இன்னும் 23 நாட்கள். லண்டனுக்கு எடுத்துக் கேட்டபோது, குழுவின் மூத்த அம்மா ஒருவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, அது அவர் தன்ர பாட்டில எடுத்துப் போட்டது. வருசா வருசம் தானே காசு கட்டினவர். எங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை." அவர் என்று சொல்லப்பட்ட பொறியியலாளர் முந்திய ஆண்டு காலமாகிவிட்டார். பிராங்பேர்ட்டில் இருந்தவை எடிற் செய்த துண்டுகள். முழு நீளமான மூலப் பதிவுகள் சிங்கப்பூரில்தான் இருந்தன.

அந்தப் பதிவுகளில் பேசும் தாய்மாரில் சிலர் இன்று உயிரோடு இல்லை. பிள்ளையைக் கடைசியாகக் கண்ட இடம், கையளித்த நாள், பஸ்ஸில் ஏற்றிய நேரம் போட்டிருந்த உடுப்பு என்று அவர்கள் சொன்னவற்றை இனி ஒருவரிடமும் திரும்பக் கேட்க முடியாது. செம்மணியை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் விளங்கும். 1998இல் சோமரத்ன ராஜபக்ஷ நீதிமன்றத்தில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டதாகச் சொன்னார். 1999 அகழ்வில் 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன. பிறகு கால் நூற்றாண்டு. 2025இல் அரியாலை சித்துப்பாத்தியில் மண் வெட்டப்போன இடத்தில் எலும்புகள் வெளிவந்து, அந்த ஆண்டிலேயே 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. பாடசாலைப் பை ஒன்றும் பொம்மையும் வெளிவந்தன. பொருட்களை உறவினர்களுக்குக் காட்டியபோது தேவைப்பட்டது, யார் எதைக் கொண்டுபோனார்கள் என்ற நினைவு. உடுப்பின் நிறத்தைச் சொன்ன ஒரு பதிவு இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் வேண்டிவரலாம். 23 நாட்களில் காலாவதியாகும் சேவரில் அதை வைத்திருக்கிறோம்.

கணக்கு இறந்தவரின் பெயரில் இருக்கவில்லை, குழுவின் பொதுக் கணக்கிலேயே இருந்தது என்பதால் அவர்களால் காசு கட்டிப் புதுப்பிக்க முடிந்தது. அது அவர்களுடைய நல்ல காலம். அவருடைய சொந்தக் கணக்கில் எடுத்திருந்தால் அன்சிபிள் அதைக் கண்டிருக்காது. எந்தக் கணக்கின் திறவுகோலைக் கொடுக்கிறோமோ அதை மட்டும்தான் அது கேட்கும். ஆகவே கருவிக்கு முன்னால் மனிதரைக் கேட்க வேண்டியிருக்கிறது: யார் யாரிடம் கணக்கு இருக்கிறது, எந்தக் காட்டில் காசு போகிறது, கடவுச்சொல் மறந்தால் குறியீடு யாருடைய தொலைபேசிக்கு வரும். இடப்பெயர்வுக்கு ஓடியபோது காணி உறுதியும் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் எந்தப் பையில் இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தது. இந்தச் சேகரிப்புகளில் அந்த ஒருவர் பல இடங்களில் இல்லை.

பட்டியலே ஆபத்தாகும்போது

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சிறிதாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை. எல்லாம் எங்கே இருக்கிறது என்று ஓரிடத்தில் எழுதிவைத்தால், அந்தத் தாளே வேட்டைக்காரனுக்கு வரைபடம். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் எத்தனை வாக்குறுதிகளைக் கடந்து வந்திருக்கிறது என்பது தெரியும். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் சேர்ந்துகொண்டது. செம்மணி அகழ்வைத் தொடர்ந்து பதிவுசெய்து வந்த முல்லைத்தீவு புகைப்பட ஊடகவியலாளர் ஒருவர் 2025 ஓகஸ்டில் பயங்கரவாத விசாரணைப் பிரிவினரால் அலம்பிலுக்கு அழைக்கப்பட்டுப் பல மணி நேரம் விசாரிக்கப்பட்டார். இந்த நிலைமையில் யாழ்ப்பாணத்தில் ஒரு மடிக்கணினியில் முழுப் பட்டியலும் கிடப்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

வெளிநாடு என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2017இல் யூடியூப், தீவிரவாத உள்ளடக்கத்தை நீக்கத் தானியங்கி முறையை இறுக்கியபோது சிரியப் போரைப் பதிவுசெய்த ஆயிரக்கணக்கான காணொளிகள் போயின. குற்றம் செய்தவர் போட்ட காணொளியா, குற்றத்தை அம்பலப்படுத்தியவர் போட்ட காணொளியா என்று இயந்திரத்துக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் லிபியத் தளபதி வெர்பல்லிக்கு எதிராகப் பிறப்பித்த பிடியாணை சமூக ஊடகக் காணொளிகளை ஆதாரமாகக் கொண்டிருந்தது. ஒரு காணொளி சாட்சியாக வேண்டுமானால் அது முதலில் இருக்க வேண்டும், எடுத்த நாளும் இடமும் கைமாறிய வழியும் தெரிந்திருக்க வேண்டும். 2021இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 46/1 தீர்மானத்தால் உருவான இலங்கைப் பொறுப்புக்கூறல் திட்டத்துக்கு ஆதாரங்களைக் கொடுக்க நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

என்னுடைய கருத்து, பட்டியல் வேண்டும், ஆனால் பிரிந்து இருக்க வேண்டும். கருவி கொண்டுவரும் விபரத்தில் சேவரின் இலக்கமும் இடமும் காலாவதியும் இருக்கும். உள்ளே யாருடைய குரல் இருக்கிறது என்பது இருக்காது. அந்த இரண்டாவது விபரத்தை முதலாவதோடு ஒருபோதும் சேர்க்கக்கூடாது. சேவர்களுக்குப் பெயர் வைக்கும்போதுகூட ஊர்ப் பெயரையோ ஆள் பெயரையோ வைக்க வேண்டாம். சிங்கப்பூர் இயந்திரத்துக்கு அந்தப் பொறியியலாளர் வைத்திருந்த பெயர் ஒரு கிராமத்தின் பெயர். பட்டியலைக் கண்ட எவரும் ஊகித்திருப்பார்கள். காலாவதி விபரத்தை ஊருக்கு வெளியே, இரண்டு நாடுகளில் இருக்கும் இரண்டு பேர் மாதமொருமுறை எடுத்துப் பார்த்தால் போதும். இங்கே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டியது, எல்லாம் இன்னும் நிற்கிறது என்ற ஒரு வரி மட்டும்.

அரசாங்கத்தின் பக்கம் திரும்பினால், அது இப்போது இந்திய உதவியுடன் எண்ணிம அடையாள அட்டைக்குத் தயாராகிறது. கைவிரல், கண், முகம் எல்லாம் சேவருக்குப் போகப்போகின்றன. சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி வளர்ந்த தலைமுறைக்கு, அந்தச் சேவர் எங்கே நிற்கிறது என்று கேட்க உரிமை உண்டு. எங்களிடம் அன்சிபிள் இல்லாவிட்டாலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதுவும் ஒரு வாசிக்க மட்டுமான திறவுகோல்தான். தேசிய பாதுகாப்பு என்று சொல்லி மறுக்கலாம், ஆனால் கொடுப்பதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும், மறுத்தால் ஆணைக்குழு வரை மேன்முறையீடு செய்யலாம்.

வடக்கின் மாவட்டச் செயலகங்களுக்கு அனுப்ப நான் எழுதிவைத்திருக்கும் விண்ணப்பத்தில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. 2023 மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை உங்கள் அலுவலகத்தின் எந்தெந்த முகவரிகளில் மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன? அவற்றில் காணி விடுவிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர், இழப்பீடு தொடர்பானவை எவை? அனுப்பியவர்களிடம் பிரதி கேட்டு எழுதினீர்களா? இன்று உங்கள் மின்னஞ்சல்களுக்கு வலையமைப்புக்கு வெளியே காப்புப் பிரதி எத்தனை நாட்களுக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது? அந்தக் காலத்தில் அரச அலுவலகம் ஒன்றுக்கு மின்னஞ்சல் அனுப்பிய எவரும் தங்கள் 'சென்ற் மெயில்' பகுதியைத் திறந்து, அந்தக் கடிதத்தை அச்சிட்டு, பதிவுத் தபாலில் மறுபடி அனுப்பலாம். பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள்.